கட்டத்துக்குள் வரையாடு

கொடைக்கானல்,
ஜூன் 9

அன்புள்ள ராமு,

உன் கடிதமும், சிறப்பு மலருக்காக நீ கட்டிய குறுக்கெழுத்தும் நேற்று கிடைத்தன. இங்கே சீசன் கூட்டம் வடிந்துவிட்டது, பிளம்ஸ் மட்டும் இன்னும் கூடை கூடையாக வருகிறது. கோத்தகிரியில் பச்சைத் தேயிலைக்கு இந்த மாதமாவது விலை தேறியதா?

15க்கு 15 கட்டம் வேண்டாம் என்று 9க்கு 9 எடுத்தாயே, அது சரி. உயிர்மெய் முழுசாக ஒரே கட்டத்தில் உட்கார்ந்துவிடுவதால் நம் சொற்கள் குட்டையாகிவிடும். அதோடு, 26 எழுத்தில் ஒன்று தெரிவதைவிட 247-ல் ஒன்று தெரிந்தால் விடைக்கு எவ்வளவோ கிட்டே போய்விடலாம். சொற்கள் கொஞ்ச இடங்களில் வெட்டிக்கொண்டாலே போதும்.

இடமிருந்து வலம் 5-க்கு நீ எழுதிய குறிப்பு: ‘படம் தீட்டு, கூத்திடு, முக்குருத்திப் பாறையில் மேய்வது (4)’. படம் தீட்டு என்றால் வரை, கூத்திடு என்றால் ஆடு, சேர்த்தால் வரையாடு! நம் மாநில விலங்குக்கு இவ்வளவு பொருத்தமாக ஒரு குறிப்பு அமைவது அபூர்வம். ஆனால் அந்த மூலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. வரை, ஆடு இரண்டையும் கண்டுபிடித்தவர் அப்படியே ‘வரைஆடு’ என்று எழுதினாலும் நான்கு கட்டம்தான். நடுவே உடம்படுமெய்யாக ‘ய்’ சேர்ந்து ‘யா’ ஆனாலும் நான்குதான். அடைப்புக்குறியில் போட்ட எழுத்தெண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. அப்போது மேலிருந்து கீழ் வரும் சொல்தான் தீர்த்துவைக்க வேண்டும். நீ அங்கே ‘யானை’யைத் தொங்கவிட்டிருக்கிறாய். ‘ஆ’ போட்டவருக்கு அது ‘ஆனை’ ஆகிவிடும், அதுவும் சரியான சொல். ‘யாப்பு’ என்று மாற்றினால் ‘ஆப்பு’ வந்து நிற்கும்.

வெட்டும் இடம் சொல்லின் முதலில் இருக்கும்வரை இந்தத் தொல்லை தீராது. தமிழில் உயிரெழுத்து தனியாகச் சொல்லின் நடுவே வராது. அதனால் ‘யா’ நடுவில் விழும் சொல்லாகப் போடு: மரியாதை. ‘மரிஆதை’ என்று யாரும் எழுத மாட்டார்கள். இதற்கு வரையாடு முதல் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்கு இறங்க வேண்டும். கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் விழ வேண்டுமே, எதிர் மூலையையும் இரண்டு வரிசை மேலேற்றிவிடு. அங்கே ‘ம்’ல் முடியும் சொல் ஒன்று இருக்கிறது. அந்த ‘ம்’ கீழிறங்கும் சொல்லுக்கு முதலெழுத்தாகிவிடாமல் பார்த்துக்கொள், புள்ளி எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘பனிக்குள் பழத்தின் நடு, முருகன் தலம் (3)’ என்று எழுதியிருக்கிறாய். ப-னி நடுவே ‘ழ’ வைத்தால் பழனி என்பது உன் கணக்கு. ஆனால் கட்டத்தில் எழுதிப் பார், ‘பழத்தின்’ ஐந்தெழுத்து, அதற்கு நடு ‘த்’. எழுத்தைப் பிரிக்கவோ கலைக்கவோ போகிற சொல், குறிப்பில் உருக்குலையாமல் நிற்க வேண்டும். ‘பனிக்குள்’ பரவாயில்லை, உருபைக் கழற்றினால் பனி முழுசாக இருக்கிறது. பழம், மரம், காடு, ஆறு போன்றவைதான் உருபு பட்டதும் பழத்து, மரத்து, காட்டு, ஆற்று என்று மாறிவிடும். ‘பனிக்குள் நடுப்பழம், முருகன் தலம்’ என்று எழுது. ‘நகரத்தில் குழப்பம்’ என்பதும் இதே கோளாறுதான். ‘குழம்பும் நகரம்’ என்றால் எழுத்துகள் இடம் மாறி நரகம் நேர்மையாகக் கிடைக்கும்.

ஊட்டிக்கு ‘சோறு கொடுத்தாள்’ பொருந்தாது, அதற்கு விடை ‘ஊட்டினாள்’. ‘கொடுத்து’ என்று முடி. கொடை, கானல் என்று பிரியும் கொடைக்கானலில் இடையே வரும் ‘க்’குக்குத் தனியாக வழிகாட்ட வேண்டாம், புணர்ச்சியில் தானாக வருவதுதானே. எண்ணிக்கையில் மட்டும் அதையும் சேர்த்து 6 என்று போடு.

எனக்கு மிகவும் பிடித்தது ‘இலக்கோடு தலை கிள்ளிய இஞ்சி’. குறி, ஞ்சி, குறிஞ்சி! ஒரு எழுத்துகூட வீண் இல்லை. பின்னால் ‘பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பது’ என்று ஒட்டியதுதான் உறுத்துகிறது. அதைப் படித்தவர் இஞ்சியைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். 2018-ல் பூத்ததால், ‘2030-ல் மலைச்சரிவு எதிர்பார்ப்பது’ என்று போட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

முன்னுரைக்கு நீ கேட்ட, முதல் குறுக்கெழுத்து வெளியான தேதி 1913 டிசம்பர் 21. ஆர்தர் வின் அமைத்து நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வந்தது. வைர வடிவம், எல்லாம் பொருளை மட்டும் சொல்லும் நேர்க்குறிப்புகள். சொல்லைப் பிரித்து விளையாடும் குறிப்புகள் 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தவை.

மரியாதைக்கு நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்: ‘பொங்கல் மாதத்துக்கு முன் மரியா பெறும் மதிப்பு (4)’. ‘பெறும்’ அங்கே தேவையா, ‘மரியாவின்’ என்று போட்டால் கெட்டுவிடுமா என்று நீயும் பார். மூலைகளை மாற்றியதும் வெறும் கட்டத்தையும் விடைக் கட்டத்தையும் தனித்தனித் தாளில் அனுப்பு. விடையைப் பார்க்காமல் முதலில் நானே போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்