கூந்தலின் நீளமும் பெண்ணின் துணிவும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சித்திரைப் புத்தாண்டன்று என் பேத்தி, இடுப்பைத் தொட்ட தன் பின்னலைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது, பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். காரணம் கேட்டால் ஜப்பானிய அனிமே எனும் கார்ட்டூன் தொடர்களின் பாத்திரங்களைக் காட்டுகிறாள். பயிற்சிக்கு இடைஞ்சல் என்று தோழன் எரென் சொன்னதும் நீண்ட கூந்தலைக் குறைத்துக்கொண்டவளாம் 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரின் மிக்காசா. எதிரி கூந்தலைப் பற்றிப் பிடித்தபோது தன் கையிலிருந்த கத்தியாலேயே அதை அறுத்து விடுபட்டவளாம் 'நருட்டோ' தொடரின் சகுரா.

காட்சிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் குட்டை முடியே துணிவுக்கு அடையாளம் என்று அவள் சொல்வதை, வைகாசியில் கண்ணகியம்மனின் சினம் தணியக் குளிர்த்தி பாடும் ஊரில் பிறந்த நான் எப்படி ஏற்பேன்? விரித்த கூந்தலோடுதானே கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்டாள்!

அதற்காக வெட்டியது குற்றம் என்று அயலவர் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆண்கள் குடுமியைக் களைய 1871இல் வழிவிட்ட அதே ஜப்பானில், பெண்கள் முடி வெட்டுவதை 1872இல் டோக்கியோ நிர்வாகம் தடைசெய்தது. இங்கு மட்டக்களப்பிலோ, யுத்த காலத்தில் கட்டை முடியோடு போகும் பெண்பிள்ளையை, இயக்கப் போராளியோ என்ற ஐயத்தில் காவலரணில் மறித்து இருமுறை விசாரிப்பார்கள் என்று அஞ்சியே, தாய்மார் பலர் மகள்மாரின் தலையில் கத்தரி படவிடவில்லை. அந்த அச்சம் போய்விட்டது. பேச்சு மட்டும் போகவில்லை.

இப்போது என் பேத்தி கிணற்றடியில் தலை முழுகினால், வாசல் படலையைத் தாண்டுமுன் முடி காய்ந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிக்குடி.