ஆடிக் காற்றும் என் ஆல்ட்டோவும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்காமல் டாக்டரைப் போய்ப் பார். இங்கே எல்லோரும் சௌக்கியம். என்னைத்தான் வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். காரணம், நம் பழைய ஆல்ட்டோ.

ரிட்டயர் ஆனபின் கை சும்மா இருக்கவில்லை. காற்றை வழுக்கிவிட்டால் மைலேஜ் கூடும் என்று தோன்றியது. பழைய விளம்பரப் போர்டின் சன்பேக் ஷீட்டை, அதாவது அந்த லேசான பிளாஸ்டிக் அட்டையை, வெட்டி வண்டியின் அடியில் கட்டினேன். முன் கிரில்லைப் பாதி அட்டையால் அடைத்தேன். நீலாம்பூரில் டேங்கை நிரப்பி, பெருந்துறையில் மறுபடி நிரப்பினால் 70 கி.மீ.க்கு 3 லிட்டர்தான். 23 மைலேஜ்! வழக்கமாக 18. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் திரும்பி வந்தேன். 17.

ஆடி மாசம்டா! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியதை நான் என் சாமர்த்தியம் என்று எழுதி வைத்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார். 80-இல் போகும்போது எதிர்க்காற்று 20 என்றால் வண்டிக்கு அது 100. பின்காற்று என்றால் 60. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், இரண்டுக்கும் கிட்டத்தட்ட 2.8 மடங்கு வித்தியாசம். போக வர ஓட்டி சராசரி எடுத்தாலும் சரிப்படாது. காற்றில்லாத நாளைவிடச் சராசரித் தடை 6 சதவீதம் கூடுதலாகவே நிற்கும். போதாததற்கு 3 லிட்டரில் பம்ப் கால் லிட்டர் முன்னே பின்னே நின்றாலே மைலேஜ் இரண்டு மாறிவிடுகிறது.

அதனால் பெட்ரோல் கணக்கையே விட்டேன். காற்று ஓய்ந்த விடியற்காலை, ஆளில்லாத சமதளச் சாலை. 80-இல் நியூட்ரல் போட்டு, 60-க்கு இறங்க எத்தனை வினாடி என்று மச்சினன் போனில் பார்ப்பான். வினாடி கூடினால் தடை குறைந்தது என்று அர்த்தம். இரண்டு திசையிலும் ஐந்தைந்து தடவை. மாட்டியதில் ஒவ்வொன்றாகக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி. ஒரே மாதிரி ஓட்டினாலும் அரை வினாடி ஆடுகிறது. கிரில் அட்டையின் லாபம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே காணாமல் போனது. அதோடு கருமத்தம்பட்டி சிக்னலில் டெம்பரேச்சர் முள் ஏறியது. கிழித்துப் போட்டேன்.

சன்பேக் கதை அதைவிட மோசம். ஒரு டீக்கடையில் நிறுத்தினால், கடைக்காரர், "ஏனுங்ணா, வண்டிக்கடில என்னமோ தொங்குதுங்" என்றார். ஸ்பீடு பிரேக்கரில் பாதி கிழிந்து போயிருந்தது.

பார்க்க அழகாக இருந்தது ஒன்றுதான். கூரையிலும் பின் கண்ணாடியிலும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, பின்னால் வந்த வண்டியிலிருந்து வீடியோ எடுத்தோம். கூரை நூலெல்லாம் சீவிவிட்ட தலைமுடி போலப் படிந்து கிடந்தது. விளிம்பு தாண்டியதும் கண்ணாடி மேல் இருந்தவை சாமி வந்த மாதிரி ஆடின; சில முன்பக்கம் பார்த்து மேலே எழுந்தன. காற்று அங்கே பிடியை விட்டுச் சுழல்கிறது, அந்தச் சுழல்தான் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்தச் சுழலைக் குறைக்கப் பின்னால் ஒரு வால் வைக்க ஆசைதான். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதே, போலீஸ்காரரிடம் கம்பளி நூலைக் காட்டியா வாதாடுவது?

உருப்படியாகப் பலன் தந்தது எது தெரியுமா? மேலே இருந்த கேரியரைக் கழற்றியது. 18 வினாடி 19 ஆனது, ஒவ்வொரு தடவையும். பைசா செலவில்லை.

கேரியர் இப்போது பரணில். உன் சின்னவள் கல்யாணத்துக்கு வாழைத்தார் ஏற்றி வரச் சொன்னால் மாட்டுகிறேன். அன்றைக்கு மைலேஜ் மட்டும் கேட்காதே.

அன்புடன்,
ராசு