ஆற்றின் கீழ்த்துறையை நாய்களுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த சித்திரையில் ஒரு மதியம், பள்ளி வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். எங்கள் நாய் கருப்பன் எழுந்து வரவில்லை. வாசல் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே சிமெண்டுத் தரையில் நான்கு காலையும் நீட்டிக் கிடந்தான். நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்கியது, வாயோரம் எச்சில் நூலாக இழுபட்டது, மூச்சு மட்டும் தையல் இயந்திரம் போல ஓடியது. பதற்றத்தில் ஈரத்துண்டு ஒன்றை அவன்மேல் போர்த்தி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் முதல் வேலையாக அந்தத் துண்டை உருவி எறிந்தார். போர்த்தினால் சூடு உள்ளேயே அடைபடும் என்றார். உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. 38, 39 இருந்தால்தான் நாய்க்கு இயல்பு.

தண்ணீர் ஊற்றி, விசிறி வைத்து, ஊசி போட்டு அவனைப் பிழைக்கவைத்தார்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை, பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்ற சூட்டையெல்லாம் இரைத்து இரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் எவ்வளவு இரைத்தாலும் சூடு சீக்கிரம் தணியாது. மூக்குச் சப்பையான பக், ஷிட்ஸு போன்றவற்றின் பாடு இன்னும் மோசம்.

மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. பள்ளியில் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவதில்லை. வேன் ஓட்டுகிறவன் என்பதால் அது எனக்கு உடனே தெரிந்துவிடும். வீட்டில் இருக்கும் வாயில்லா ஜீவனை அந்த நாட்களில் எங்கே கொண்டுபோவது?

நான் தோட்டத்தில் பிறந்தவன். ஆற்றுக்குக் குளிக்கப் போனால் தொழிலாளர் லயத்து நாய்கள் முன்னால் ஓடும். நாங்கள் பாறையிலிருந்து குதிப்போம், அவை மணலோரத்தில் கிடக்கும். அந்த நினைப்பில்தான், கருப்பன் தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடம் வேனை ஓட்டிக்கொண்டு ஒரு வனப் பூங்காவுக்குப் போனேன். வாசலில் நாய்ப் படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை. காவலாளி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் 'பின்னே எங்கே போகலாம்?' என்று கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை.

பிறகு கோம்பாக்கிலிருந்து பெந்தோங் போகும் பழைய சாலையோரம் ஓர் ஆழமில்லாத துறையைக் கண்டுபிடித்தோம். கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமேக் பக்கத்தில் செம்மண் நிறத்தில் கிள்ளான் ஆற்றோடு கலக்கிறதே, அதே கோம்பாக் ஆறு மேலே கூழாங்கல் தெரிய ஓடுகிறது. கருப்பன் முதலில் முன்னங்காலை மட்டும் வைத்தான், எடுத்தான். பிறகு வயிறு நனையும் இடமாகத் தேடி, இரண்டு கல்லுக்கு நடுவே மெல்லப் படுத்து, தாடையைத் தண்ணீர்மேல் வைத்துக் கண்ணை மூடினான். அவன் விலா எலும்பு ஏறி இறங்குவது மெதுவாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். எங்களுக்குக் கீழே, ஓடிவரும் அதே தண்ணீரில், ஒரு மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும் என்பது அவர்களுடைய சமய முறை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். எழுந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் கோபப்படவில்லை. ஆற்றின் வளைவைக் கைகாட்டி, கீழே கொண்டுபோ தம்பி, அங்கே யாருமில்லை என்று மலாயில் சொன்னார். ஐம்பது அடி தள்ளிப் போனோம். அவர்களும் குளித்தார்கள், நாங்களும் குளித்தோம்.

அந்தப் பெரியவர் காட்டிய வழியைத்தான் நான் கேட்கிறேன். உலு லங்காட், கோம்பாக், ரவாங் பக்கத்து ஆற்றுத் துறைகளைக் கவனிக்கும் பொறுப்பாளர்களும் நகராண்மைக் கழகங்களும், மக்கள் குளிக்கும் இடத்துக்குக் கீழே, ஓட்டம் போய்ச்சேரும் பக்கத்தில், ஒரு சிறு துண்டை நாய்களுக்கென்று குறித்துக் கொடுக்கலாம். அதற்குத் தனி வழி வேண்டும். நாள் முழுக்க முடியாதென்றால் வார நாட்களில் காலை ஒன்பது மணி வரையாவது விடட்டும். அதற்குக் கீழே வேறு குளிக்கும் துறையோ குடிநீர் எடுக்கும் இடமோ இருந்தால் அந்த ஆறு வேண்டாம், வேறு பார்க்கலாம். தேசா பார்க்சிட்டி பூங்காவில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம், நல்ல இடம். ஆனால் நடந்தால் சூடு தணியாதே.

நாய் வளர்ப்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. கழிவை எடுக்கப் பையில்லாமல் ஆற்றங்கரைக்கு வராதீர்கள். நீண்ட கயிறு கையில் இருக்கட்டும், கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். எலிக்காய்ச்சல் தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருந்து நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போடவேண்டும். சூட்டைத் தணிக்க வேறு வழியில்லை என்று பழைய ஈயச் சுரங்கப் பள்ளங்களில் நீர் தேங்கிய குட்டைகளுக்குக் கூட்டிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அங்கே கரையிலிருந்து இரண்டடி வைத்தால் செங்குத்தாக இறங்கிவிடும், நாயும் ஏற முடியாது, காப்பாற்றக் குதித்தவரும் ஏற முடியாது. ஆற்றிலும், மலைப்பக்கம் வானம் கறுத்தால் உடனே மேலேறிவிடுங்கள். கெப்பாலா ஆயர், அதாவது மலையில் பெய்த மழையால் திடீரென்று பாய்ந்துவரும் வெள்ளம், வரும்போது நாம் நிற்கும் இடத்தில் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, செருப்பைக்கூடத் தேடவேண்டாம்.

எந்தத் துறையிலாவது இடம் ஒதுக்க முன்வந்தால், அங்கே நடவேண்டிய பலகையை நானே செய்து தருகிறேன். வீட்டில் நல்ல மெராந்தி மரப் பலகை இரண்டு இருக்கிறது. மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதிக் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர்,
கோம்பாக்.