சுடுதண்ணீர்த் தொட்டியும் நல்லெண்ணெய் முழுக்கும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். சென்ற கிழமை உங்கள் பத்திரிகையில், பின்வளவில் ஹொட் ரப் (குமிழி விடும் சுடுதண்ணீர்த் தொட்டி) வைப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எந்த மூலையில் வைப்பது, சுற்றிவர என்ன விளக்குப் போடுவது என்று அரைப் பக்கத்துக்கு எழுதியவர், தண்ணீரைப் பற்றி ஒரேயொரு வரிதான் எழுதியிருக்கிறார். அடி தெரியுமளவுக்குத் தெளிவாக இருந்தால் பயப்படாமல் இறங்கலாமாம். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் யாழ்ப்பாணத்தில் 26 வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள். இப்போது கனடாவில், மார்க்கம் நகரில் மகனோடு இருக்கிறேன். 2023 கோடையில் மகன் 400 கலன் கொள்ளும் தொட்டி ஒன்று வாங்கினான். உள்ளே கிருமி கொல்லும் ஓசோன் வாயு விடும் கருவி இருக்கிறது, நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஓசோன் உதவிக்கு நிற்குமே தவிர குளோரினுக்குப் பதிலாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆசையாக வாங்கி வந்த சாமானுக்கு நான் ஏன் குறை சொல்லுவான் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த வருடத் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் எல்லாருக்கும் நல்லெண்ணெய் வைத்து முழுக்கு. பின்னேரம் ஒன்பது பேர், இருட்டும்வரை மாறிமாறித் தொட்டிக்குள். சம்பூ ஒரு தரம் போட்டால் எண்ணெய் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. சுடுதண்ணீரும் காற்றுக்குமிழியும் சேர்ந்தால் மயிர்க்காலில் மிச்சமிருப்பதெல்லாம் வெளியே வரும். அரைமணி நேரத்தில் சோற்றுப்பானை பொங்குவதுபோல நுரை பொங்கியது. விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. விரலால் தொட்டால் பிசுக்கு. அடுத்த நாள் மகன் நுரை அடக்கும் மருந்தை ஊற்றினான். நுரை போய்விட்டது. தண்ணீர் பளிங்குபோல இருந்தது. உங்கள் கட்டுரையாளர் வந்து பார்த்திருந்தால் தாராளமாக இறங்கியிருப்பார்.

புதன்கிழமை பிள்ளைகள் மறுபடி இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை எட்டு வயதுப் பேத்தி, "அப்பம்மா, கடிக்குது" என்று வந்தாள். இடுப்பிலும் பிட்டத்திலும் சிவப்புச் சிவப்பாய்ப் பருக்கள், நீச்சல் உடுப்பு ஈரத்தோடு ஒட்டிக் கிடந்த இடமாகப் பார்த்து. வைத்தியர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே "வீட்டில் ஹொட் ரப் இருக்கிறதா?" என்பதுதான். சூடோமோனாஸ் என்ற கிருமி. சில நாளில் தானாகவே மாறியது. எங்களுக்குத் தோலோடு போனது. 1976இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடிய 'அமெரிக்கன் லீஜன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தவரைத் தாக்கி, அதனாலேயே பெயர் பெற்ற லெஜியனெல்லா என்ற கிருமிக்கும் 25 முதல் 45 பாகை செல்சியஸ் வரை வளர நல்ல இடம். தொட்டியின் சூடு 38, 40. குமிழி கிளப்பும் ஆவியோடு அது நெஞ்சுக்குள் போனால் என்னைப்போல வயதானவர்கள் பாடு கஷ்டம்.

அன்றுதான் பரிசோதனைத் தாள் வாங்கி நனைத்துப் பார்த்தோம். குளோரினுக்கான சதுரம் நிறம் மாறாமல் வெள்ளையாகவே இருந்தது, குளோரின் இல்லை என்று அர்த்தம். குழாய்களைக் கழுவும் மருந்தை விட்டுச் சுற்ற வைத்தபோது, தேயிலைச் சக்கைபோல மண்ணிறச் செதில்கள், உள்ளே படிந்திருந்த கிருமிப் படலம், குழாய் வாயால் வந்தன. மகன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எனக்கு எங்கள் ஊர்க் கிணறு ஞாபகம் வந்தது. மாரி கழிந்து பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா பிளீச்சிங் பவுடர் வாளியோடு வந்தால் அம்மா சண்டைக்கு நிற்பார்: "தண்ணி பளிங்கு மாதிரிக் கிடக்கு, ஏன் மருந்து போடுறியள்?" அவர் வேலிக்கு அங்காலே இருந்த மலக்குழியைக் கையால் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

இனி கணக்குக்கு வருகிறேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவு: சுடுதண்ணீர்த் தொட்டியில் குளோரின் பத்து இலட்சத்தில் 3 பங்குக்குக் குறையக்கூடாது, புரோமின் என்றால் 4. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.0க்கும் 7.8க்கும் இடையில். இந்தப் பி.எச். விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. குமிழி விடவிடத் தண்ணீரிலுள்ள காபனீரொட்சைட்டு, திறந்து வைத்த சோடாவில்போலப் பறந்துபோய், பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும். 7.5இல் குளோரினில் ஏறத்தாழப் பாதிதான் கிருமியைக் கொல்லும் ஐப்போகுளோரசு அமிலமாக நிற்கும். 8 ஆனால் கால்பங்கும் தேறாது. தாளில் குளோரின் இருப்பதாகக் காட்டும், வேலை நடக்காது. இன்னொன்று: சில குளோரின் தூள்களில் சயனூரிக் அமிலம் கலந்திருக்கும். அது வெயிலில் கிடக்கும் நீச்சல் குளத்துக்குத்தான். மூடி போட்ட தொட்டியில் அது சேர்ந்து சேர்ந்து குளோரினின் கையைக் கட்டிவிடும். அதே மையம் ஹொட் ரப்புக்கு அது வேண்டாம் என்கிறது. மூக்கில் ஏறும் "குளோரின் வாசம்" வந்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து செலவழிந்த குளோரினின் வாசம் அது. போதவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் மாற்ற ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் கலனில் உள்ள கொள்ளளவை மூன்றால் வகுத்து, வருவதை நாளொன்றுக்கு இறங்குபவர் தொகையால் வகுக்க வேண்டும். 400 கலன், இரண்டு பேர் என்றால் 66 நாள். இங்கே பனிக்காலத்து மைனஸ் இருபதில் இறைத்தால் குழாய் உறைந்து வெடிக்கும் என்பதால் நவம்பரில் கட்டாயம் ஒரு தரம் மாற்றிவிடுகிறோம். குளோரினோடு தெரு வடிகாலுக்குள் மட்டும் விடவேண்டாம். அது சுத்திகரிக்கப்படாமல் ஓடைவழியே ரூஜ் ஆற்றுக்குத்தான் போகிறது.

இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி தொங்குகிறது. திகதி, குளோரின், பி.எச்., யார் இறங்கினது. இறங்கமுதல் சவர்க்காரம் போட்டுக் குளிக்காதவருக்கு மூடி திறக்கப்படாது. முழுகின நாளில் யாருக்கும் இல்லை. போன தீபாவளிக்கு வந்த தங்கை, இது என்ன பள்ளிக்கூடமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மருந்துப் போத்தல்களில் எல்லாம் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் நின்று தொட்டியைப் பார்ப்பது எங்களைப் போன்ற, தமிழ்ப் பத்திரிகை வாசிக்கும் கிழடுகள். அடுத்த இதழில் மேலே சொன்ன அளவுகளை வெட்டி ஒட்டக்கூடிய ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் போடுங்கள். மருந்தைத் தண்ணீருக்குள் போடவேண்டும், மருந்துக்குள் தண்ணீரை ஊற்றக்கூடாது, ஒரு மருந்தோடு மற்றதைக் கலக்கவே கூடாது என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மார்க்கம், ஒன்ராறியோ