எஞ்சினில் பாதி உன்னுடையது

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கோல் இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும், வீட்டில் உன் தங்கை அன்றைக்கே மருதமலைக்குப் போய் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு வந்தாள். பேரன் ஓசூரிலேயே பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்பதும் மனதுக்கு நிறைவாக இருந்தது. எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், நம் பழைய மாருதி எஸ்டீமை நினைத்து, "வண்டி எப்படி இருக்கிறது?" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோத்தகிரிக்குப் புறப்பட்டோம். நான், உன் தங்கை, சின்னவள் மூன்று பேர். குஞ்சப்பனை தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது ஏ.சி. வழியாகப் பெட்ரோல் வாடை வந்தது. சின்னவள்தான் முதலில் சொன்னாள். ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் ஓஸ் வியர்த்திருந்தது. ஒரு துளி திரண்டு விழக் காத்திருந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், நாம் ஆசை ஆசையாய்ப் போட்ட, புகையை வெளியேற்றும் ஹெடர்ஸ் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் தள்ளிப் போய் நிற்கச் சொல்லிவிட்டுப் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். என் கை நடுங்கியது, சுந்தரம். கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனோம்.

ஓஸுக்கு வயதாகிவிட்டது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இன்றைய பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம் வண்டியில் இருக்கும் பழைய ரப்பர் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல; எத்தனால் பட்டுப் பட்டு அந்த ரப்பர் ஊதும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால் இரும்பு டேங்க் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். நான் மாதத்துக்கு இரண்டு முறைதான் வெளியே எடுக்கிறேன். வண்டியைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அன்றிரவுதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தேன். அப்படியே வைத்துக்கொள்வதா, இன்னும் செலவு செய்து சரியாக மேம்படுத்துவதா, விற்றுவிடுவதா என்று.

ஆர்.சி. வரும் நவம்பரில் முடிகிறது. 1996இல் பதிவான வண்டி. இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் இப்போது 10,000 ரூபாய். அது கிடக்கட்டும், கட்டிவிடலாம். 2021இல் புதுப்பித்தபோது நாம் என்ன செய்தோம் என்பது உனக்கு நினைவிருக்கும். நீ ஓசூரிலிருந்து வந்து இரண்டு இரவு தங்கினாய். 2017இல் நாம் மாற்றிப் போட்டிருந்த பலேனோ கார் எஞ்சினை இறக்கி, சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய எஞ்சினை ஏற்றி, ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அடுத்த ஞாயிறே மறுபடியும் மாற்றினோம். அப்போது அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. குஞ்சப்பனைச் சாலையோரத்தில் நின்றபோது அப்படித் தெரியவில்லை.

சட்டத்தை இந்த முறை உட்கார்ந்து படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைத்தான் சொல்கிறேன். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே வகை எஞ்சின் என்றால் அனுமதி கேட்டுப் பெற்று மாற்றிக்கொள்ளலாம். 1298 சி.சி. இருந்த இடத்தில் 1590 சி.சி. என்றால் வழியே இல்லை. அதே வருடம் வந்த திருத்தத்தில் தண்டனையும் இருக்கிறது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும். அபராதத்தை நினைத்து எனக்குத் தூக்கம் போகவில்லை. காப்பீட்டை நினைத்துத்தான் போனது. நாளைக்கு இந்த வண்டி யார் மீதாவது மோதி, எஞ்சின் எண்ணைப் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டால், அடிபட்டவர் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? 2017இல் எஞ்சின் மாற்றியபோது இந்தக் கேள்வியை நாம் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

விற்கலாம் என்றும் பார்த்தேன். கொச்சியிலிருந்து ஓர் இளைஞர் நேரில் வந்தார். நல்ல பையன்தான், வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. 1,80,000 ரூபாய் தருகிறேன் என்றார். என் நோட்டுக் கணக்குப்படி 2004இல் வாங்கிய விலையையும் சேர்த்து நாம் இதில் போட்டது 4,60,000 ரூபாய். அந்த நஷ்டத்தை நான் நஷ்டமாகவே நினைக்கவில்லை. மாற்றிய வண்டியில் போட்ட பணம் திரும்பி வராது என்பது ஊரறிந்த விஷயம். வாங்குகிறவர் வண்டிக்குத்தான் விலை கொடுப்பார், நம் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கொடுக்க மாட்டார். அந்தப் பையன் எவ்வளவு வேகம் போகும் என்று மூன்று முறை கேட்டார். பின்பக்கச் சீட்டை எடுத்துவிட்டால் இன்னும் எடை குறையுமா என்று கேட்டார். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டால் என் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று கூட வந்த தரகர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்ரோல் வியர்த்த ஓஸை என் கண்ணால் பார்த்துவிட்டு, இருபத்திரண்டு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுக்க முடியுமா? காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மேம்படுத்துவது பற்றியும் விசாரித்தேன். பீளமேடு பக்கம் ஒரு பட்டறை, நன்றாகப் படித்த பையன்கள் நடத்துகிறார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவைத் தனியாகப் போட்டு, எத்தனாலுக்கு ஏற்ற ஓஸ், பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றி, சஸ்பென்ஷனையும் புதிதாக்கித் தர 2,75,000 ரூபாய் என்றார்கள். வேலை சுத்தமாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாதை எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். முதல் எஞ்சினுக்கு 65 குதிரைத்திறன். பலேனோவுக்கு 94. அந்த 29 குதிரைகளை ஏற்றியதும் முதலில் எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்தது. அதைச் சரிசெய்ததும் கிளட்ச் வழுக்கியது. கிளட்சை மாற்றியதும் டிரைவ் ஷாஃப்டில் சத்தம். கடைசியாகத்தான் பிரேக்குக்கு வந்தோம். முதலில் வந்திருக்க வேண்டியது அதுதான். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று தன் பங்கைக் கேட்கிறது. இன்றைக்கு 2,75,000 போட்டாலும், நவம்பரில் அதே ஆய்வாளர் முன்னால் அதே எஞ்சின் எண்ணோடுதான் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கணபதியில் நம் மெக்கானிக் அண்ணன் பட்டறையை மூடிவிட்டார். ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் வைத்து, எந்த வால்வு இடைவெளி விட்டிருக்கிறது என்று சொல்வாரே, அந்த மனிதருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. போய்ப் பார்த்தேன். வண்டி எப்படி இருக்கிறது என்று அவரும் கேட்டார். இந்த வண்டியின் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அவர் தலையில்தான் இருக்கிறது, எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் நினைவில் இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும் என்று ஒரு நோட்டோடு இரண்டு சாயங்காலம் அவர் திண்ணையில் உட்கார்ந்தேன். பதினொரு பக்கம் ஆயிற்று.

முடிவு எடுத்துவிட்டேன், சுந்தரம். விற்கப்போவதில்லை. பழைய 1298 சி.சி. எஞ்சின் மீண்டும் ஏறப்போகிறது. இந்த முறை இறக்குவதற்காக இல்லை. ஹெடர்ஸ் போய்விடும், தாழ்த்திய ஸ்பிரிங் போய்விடும். பலேனோ பிரேக்கை மட்டும் வைத்துக்கொள்ள ஆசை; முதலில் அதிகாரியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன், அவர் கூடாது என்றால் அதுவும் போகும். பழைய எஞ்சினைப் பார்த்தாயானால் மகிழ்வாய். நீ சொல்லிக்கொடுத்தபடி பிளக் துளை வழியாக ஆயில் விட்டு, மாதம் ஒருமுறை ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிக்கொண்டுதான் வந்தேன். நான்கு சிலிண்டரிலும் கம்பிரஷன் அழுத்தம் 150 பி.எஸ்.ஐ.க்கும் 165க்கும் இடையில் இருக்கிறது. முப்பது வருட எஞ்சினுக்கு இது போதாதா?

கார்புரேட்டருக்குத்தான் யோசனை தேவை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோல் வரும் துளையான ஜெட் அதே அளவில் இருந்தால் கலவை மெலிந்துவிடும். சென்சார் உள்ள வண்டி தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அது தெரியாது. மெயின் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், மிதவை அறையின் ஊசியையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும். டேங்கைக் கழற்றிக் கழுவி, ஓஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகையில் போடுகிறேன். மாதம் இரண்டு முறை என்பதை மாற்றி, வாரம் ஒருமுறையாவது எடுத்துவிடுவேன். சின்னவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். 94 குதிரையை அவளிடம் கொடுக்கத் தயங்கினேன், 65ஐத் தயங்காமல் கொடுப்பேன்.

இழப்பு இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். பாலக்காட்டுச் சாலையில் விடியற்காலையில், கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் சீட்டு முதுகைத் தாங்கிப் பிடிக்குமே, அந்த இழுப்பு இனி வராது. வாளையாறு வரை நாம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டுத் திரும்பிய அந்த முதல் காலை எனக்கு அப்படியே இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை தனியாக அதே சாலையில் கடைசியாக ஒருமுறை போய்வந்தேன். ஓஸ் எல்லாம் மாற்றிவிட்டுத்தான் எடுத்தேன். சிரித்துக்கொண்டேதான் ஓட்டினேன், ஆனால் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பி அணைத்ததும் சற்று நேரம் இறங்க மனம் வரவில்லை.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. பலேனோ எஞ்சினை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்தவன் நீ. பாதிப் பணம் உன்னுடையது. அதனால் அது எங்கே போக வேண்டும் என்பதை நான் தனியாக முடிவு செய்ய மாட்டேன். இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, நாம் படித்த பாலிடெக்னிக். ஆட்டோமொபைல் பிரிவில் பையன்கள் இன்னும் அம்பாசடர் எஞ்சினைத்தான் பிரித்துச் சேர்த்துப் படிக்கிறார்கள். கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம் என்றார்கள். மற்றொன்று, செட்டிபாளையத்துப் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வந்துபோகும் ஓர் இளைஞன். சாலைக்கே வராத, டிரக்கில் ஏற்றித் தடத்தில் மட்டும் இறக்கி ஓட்டும் ஒரு எஸ்டீமைக் கட்டிக்கொண்டிருக்கிறான். வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புக் கூடான ரோல் கேஜைப் பற்ற வைத்தாயிற்று, எஞ்சின்தான் பாக்கி. என்னிடம் முதலில் கேட்டது பிரேக் பற்றி.

என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. இரண்டாம் ஆண்டில் இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போய் சோழவரம் பந்தயம் பார்த்தோமே, அந்தப் பழைய விமான ஓடுதளத்து வெயிலில் நின்றபோது நம் இருவருக்கும் பிடித்த பித்து இது. நம் ஊர்க் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டிக்காட்டினார். அதனால் பெரிய பணம் இல்லாத பையன்களும் பந்தயத்தில் இறங்க முடிந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்த செய்தி வந்த அன்று நாம் இருவரும் பட்டறையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் பெயரில் இருக்கும் தடத்தில் நம் எஞ்சின் ஓடினால் எனக்கு நிறைவாக இருக்கும். ஓடுகிற எஞ்சினை மேசை மேல் நிறுத்த மனம் ஒப்பவில்லை. ஆனால் நீ பாலிடெக்னிக் என்று சொன்னால் மறுபேச்சு இல்லை.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை இறக்கலாம் என்று இருக்கிறேன். எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கை மெக்கானிக் அண்ணன் தருகிறேன் என்றிருக்கிறார், நாற்காலி போட்டுக் கூடவே உட்கார்ந்துகொள்கிறேன் என்றும் சொன்னார். முழங்காலை வைத்துக்கொண்டு நீ குனிய வேண்டாம், கியர்பாக்ஸ் போல்ட்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எஞ்சின் மேலே எழும்பும்போது ரேடியேட்டரில் இடிக்காமல் ஒரு கை பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் எப்போதும் நீதான் நிற்பாய். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஏறிவிட்டால் விடியும்போது இங்கே இருக்கலாம். காந்திபுரத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
குமரேசன்