பழைய நிராகரிப்பை எங்கே சொல்வது, எப்படிச் சொல்வது? காவலர் பணிக்கு மறுபடி விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

போன தேர்வில் கழிக்கப்பட்டதை இந்தமுறை சொல்வதா, மறைப்பதா என்று கேட்டால் பல இடங்களில் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "எதையும் எழுதாதே, எல்லாத்துக்கும் இல்லைன்னு போடு." உங்களில் பெரும்பாலோருக்கு அதனால் நட்டம் ஒன்றும் வராது. ஒரு சிலருக்கு அந்த 'இல்லை'தான் கைக்கு வந்த வேலையைப் பறிக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பது, போனமுறை எந்தக் கட்டத்தில் நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தமிழ்த் தகுதித் தேர்வுக்கு 80 மதிப்பெண். 32 எடுக்காவிட்டால் முதன்மை விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167), மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். இவற்றில் ஒன்றில் தவறியிருந்தால் அது உங்கள் நடத்தையின் மேல் விழுந்த கறை இல்லை. அதற்காக வெட்கப்படவோ, கேட்காதபோது எங்கேயும் எழுதிக்கொடுக்கவோ தேவையில்லை. சரிசெய்தால் போதும். 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்துக்குள் பாய்ந்து முடிப்பவர்தான் மூன்றாவது சுற்றில் நடக்க ஆரம்பிக்கிறார். உயரத்தில் அரை சென்டிமீட்டர் இழுபறி இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நாள் முழுக்க நின்றாலும் உட்கார்ந்தாலும் முதுகெலும்பின் வட்டுகள் அமுங்கி மாலையில் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையும். அளவெடுப்பு நாளில் உங்கள் முறை வரும்வரை முடிந்தால் படுத்து ஓய்வெடுங்கள்.

உதவி ஆய்வாளர் தேர்வின் நேர்முகத்தில் "இதுக்கு முன்னாடி எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டால் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்த ஆண்டு, எந்தக் கட்டம், இப்போது என்ன மாறியிருக்கிறது. "2022 காவலர் தேர்வில் எழுத்தில் தேறினேன் ஐயா. 1500 மீட்டரில் நேரம் தாண்டிவிட்டது. இப்போது ஆறரை நிமிடத்துக்குள் முடிக்கிறேன்." அதோடு நிறுத்துங்கள். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவருக்குக் கிடைத்தது, அளந்தவர் சரியில்லை என்று தொடங்கினால் அடுத்த கேள்வி உங்கள் குணத்தைப் பற்றியதாகிவிடும். உண்மையிலேயே அளவில் தவறு நடந்திருந்தாலும் அதைச் சொல்லும் இடம் அது இல்லை.

இனி படிவங்கள். மத்தியப் படைகளில் சேரும்போது உங்கள் பின்னணியை எழுதித் தரும் சான்றுறுதிப் படிவத்தின் (அட்டெஸ்டேஷன் ஃபார்ம்) தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது: பொய்த் தகவலோ, உண்மையை மறைத்தலோ தகுதியிழப்பு. அதன் 12ஆம் கேள்வி நீளமானது. கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, நன்னடத்தைப் பிணை எழுதினீர்களா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, தண்டனை உண்டா, தேர்வாணையம் எதுவும் உங்களைத் தேர்வெழுதத் தடை செய்ததா, இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று தனித்தனியாகக் கேட்கும். தேர்வில் தோற்றவர் 'தடை' கேள்விக்குத் தாராளமாக 'இல்லை' போடலாம். முறைகேட்டுக்காக ஒரு தேர்வாணையம் சில ஆண்டுகள் விலக்கி வைத்திருந்தால் மட்டும் 'ஆம்'. படிவம் கொடுத்த பிறகு கைதோ வழக்கோ வந்தாலும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

மாநிலக் காவல்துறையும் உங்கள் பின்னணிச் சரிபார்ப்பின்போது வழக்குகளைப் பற்றிக் கேட்கிறது. பலர் மாட்டிக்கொள்வது பெரிய வழக்கில் அல்ல, சின்ன வழக்கில். சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவில் பெட்டி கேஸ் போட்டு நீதிமன்றத்தில் அபராதம் கட்டியிருந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றதாகத்தான் பொருள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி நீதிமன்றத்தில் கட்டிய அபராதமும் அப்படியே. ஊர்த் திருவிழாத் தகராறில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107இலோ 110இலோ பிணை எழுதியிருந்தால் (2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 126, 129) 'பிணை' கேள்விக்கு 'ஆம்'. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் என்றால் அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. 18 வயது நிறையும் முன் நடந்தது என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உங்களைக் காக்கும்; 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராக விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் அது பொருந்தாது.

போன தேர்வில் எல்லாவற்றிலும் தேறி, வழக்கால் மட்டும் கழிக்கப்பட்டவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவருக்குப் பணி இல்லை என்னும் தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகள், 1978இன் விதி 14(பி)க்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது முதல் விளக்கம். ஊரில் ராஜி பேசி, சாட்சி மாறி, "கேஸ் முடிஞ்சுடுச்சு" என்று நிம்மதியாக இருக்கும் பலர் விழும் குழி இதுதான். சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கு பிறகு மாசற்ற விடுதலையாகவோ 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (புகாரில் சொன்ன விவரமே தவறு) என்றோ முடிந்தால், அடுத்த தேர்வில் கலந்துகொண்டு பணி கோரலாம் என்கிறது இரண்டாவது. பொய் வழக்கு என்றால் ராஜிக்கு அவசரப்படாதீர்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் வேலையைத் தீர்மானிக்கும். இதற்குள் வயது வரம்பு ஓடிவிடும் என்பது இந்த விதியில் உள்ள அநியாயம். விதியை எழுதியவர்கள் அதை யோசித்ததாகத் தெரியவில்லை.

மறைப்பது இதையும்விட மோசம். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது: தகவல் உண்மையாக இருக்க வேண்டும், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் நியமன அதிகாரி மன்னிக்கலாம், உண்மையைச் சொல்லியிருந்தாலும் தகுதியைப் பரிசீலிக்கும் உரிமை அவருக்கு உண்டு. மன்னிப்பது அவர் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. சொல்லிவிட்டு நிராகரிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் வாதாட ஏதாவது இருக்கும். மறைத்துப் பிடிபட்டவரிடம் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

எழுதும் முன் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'மற்றும் சிலர்' என்று பதிவான வழக்கில் குற்றப்பத்திரிகையில் பெயர் சேர்ந்திருக்கலாம். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தனிநபர் சரிபார்ப்புச் சேவையும் உண்டு. வழக்கு இருந்தால் படிவத்தில் குற்ற எண், காவல் நிலையம், பிரிவுகள், நீதிமன்றம், வழக்கு எண், முடிவு, தேதி ஆகியவற்றை எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள். நியாயம் பேசும் பத்தி வேண்டாம்.

போனமுறை ஏன் கழித்தார்கள் என்றே தெரியாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள்; உங்கள் மதிப்பெண், உடற்தகுதி அளவுத்தாள், சரிபார்ப்பு அறிக்கை, நிராகரிப்பு ஆணை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற படைகளுக்கு இந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அங்கே அனுப்பினால் மனு திரும்பிவரும். தேர்வை நடத்திய மத்தியப் பணியாளர் தேர்வாணையத்துக்கு (எஸ்.எஸ்.சி.) அனுப்புங்கள்.