செயலாளரின் ஆண்டறிக்கை: இணையவழி நாணயக் கொள்வனவு பற்றிய விடயங்களுடன்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, மழையையும் பொருட்படுத்தாது இன்று வருகை தந்திருக்கும் பதினொரு உறுப்பினர்களே,

நமது நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகள் பற்றிய அறிக்கையை யாப்பின்படி சமர்ப்பிக்கின்றேன். மாதாந்தக் கூட்டங்கள் வெள்ளவத்தையில் வழமையான இடத்தில் ஒன்பது நடைபெற்றன. மூன்று கூட்டங்கள் கூட்ட நடப்பெண் இன்மையால் கைவிடப்பட்டன. கோட்டை சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகத்துக்கு ஒரு தடவை சென்று வந்தோம். உறுப்பினர்களுக்கிடையிலான பரிமாற்றச் சந்தை ஒன்றும் இடம்பெற்றது.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சேகரிப்புக்குரிய நாணயக் குத்திகளை இணையத்தில் நம்பி வாங்கக்கூடிய இடங்கள் எவை என ஆராய்ந்து பட்டியலொன்று தயாரிப்பதற்கு ஐவர் கொண்ட உபகுழு நியமிக்கப்பட்டதைச் சபை அறியும். அக்குழுவின் முதலாவது கூட்டத்துக்கு மூவர் வந்தனர். இரண்டாவது கூட்டத்தில் நானும் பொருளாளரும் தேநீர் அருந்திவிட்டுக் கலைந்தோம். மூன்றாவது கூட்டத்துக்குப் பொருளாளரும் வரவில்லை. ஆகவே உபகுழுவின் அறிக்கையென இங்கு வருவது பெரும்பாலும் ஒருவரின் இரவுநேர உழைப்பே என்பதைப் பதிவு செய்ய விரும்புகின்றேன்.

முன்பெல்லாம் செட்டியார் தெருவில் அறிந்த கடைக்காரரிடம் காசைக் கையில் வாங்கி, மேசையில் தட்டி ஓசை கேட்டு, விளிம்பைத் தடவிப் பார்த்து, இரண்டு தரம் பேரம் பேசித்தான் வாங்கினோம். இன்று நம்மிடம் இருப்பது ஒரு நிழற்படம் மாத்திரமே. எனவே எந்தத் தளம் நல்லது என்று கேட்பதற்கு முன்னர், அத்தளத்தில் விற்பவர் யார், பொருள் போலியானால் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே எனது முதலாவது முடிவு. வீகொயின்ஸ், எம்ஏ-ஷொப்ஸ் போன்ற தளங்களில் தொழில்முறை வணிகர்கள் மாத்திரமே கடை வைத்திருக்கின்றனர். முன்னதில் புராதன நாணயங்கள் அதிகம், பின்னது ஜேர்மனியைத் தளமாகக் கொண்டது. 1951இல் தொடங்கிய சர்வதேச நாணய வணிகர் சங்கத்திலோ, பிரித்தானிய நாணய வணிகர் சங்கத்திலோ அங்கத்துவம் பெற்றவர்களிடம் விலை சற்றுக் கூடத்தான் செய்யும். எனினும் அந்த மேலதிகத் தொகையை நான் காப்புறுதிக் கட்டணமாகவே கருதுகின்றேன். விற்பனையாளர் தமது பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பாது, அந்தந்தச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் அவரது பெயர் இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். சின்னத்தை யாரும் பிரதி செய்யலாம்.

ஈபே போன்ற திறந்த சந்தையில் யாரும் எதையும் விற்கலாம். அங்கு விளக்கத்துக்கு மாறான பொருள் வந்தால் பொதுவாக முப்பது நாட்களுக்குள் முறையிட்டுப் பணத்தை மீளப் பெறலாம். ஆனால் விற்பனையாளர் “தளத்துக்கு வெளியே அனுப்புங்கள், விலையைக் குறைக்கின்றேன்” என்று சொன்னதைக் கேட்டு நேரடியாகப் பணம் அனுப்பியவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் காசின் மெய்த்தன்மையையும் நிலையையும் ஆராய்ந்து தரமிட்டு மூடிய பிளாஸ்டிக் பேழைகளும் போலியாகச் செய்யப்படுகின்றன. பேழையிலுள்ள இலக்கத்தை அந்நிறுவனத்தின் தளத்தில் இட்டு, விபரங்களையும் படம் இருப்பின் படத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு சாதாரண இலங்கைச் சதத்துக்குப் பேழை தேடும் உறுப்பினர்களுக்கு, தரமிடும் கட்டணமே காசின் விலையை விஞ்சிவிடும் என்பதையும் நினைவூட்டுகின்றேன்.

வாங்கும் முன் நியூமிஸ்டா என்ற இணைய நாணயப் பட்டியலில் நிறையையும் விட்டத்தையும் பார்க்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் வரவில்லை. 1957ஆம் ஆண்டின் புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் வெள்ளிக் குத்தி ஏறத்தாழ 28 கிராம் நிறையுடையது. விற்பவரிடம் தராசில் வைத்த படம் கேட்டால், நேர்மையானவர் அனுப்புவார், மற்றவர் கோபிப்பார்.

1818 என்று பொறித்து, ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ, மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரோடு வரும் “அரிய” காசு பற்றி இவ்வாண்டில் மாத்திரம் ஆறு தொலைபேசி அழைப்புகள் எனக்கு வந்தன. அது கம்பனி அச்சிட்ட புழக்க நாணயமன்று. பிற்காலத்தில் செய்யப்பட்ட நினைவுப் பொருள். சென்னையில் கம்பனி வெளியிட்ட பகோடா என்ற காசுகளில் சுவாமி உருவம் உண்டென்று வாதிட்ட உறுப்பினர் கூறியது உண்மையே, ஆயினும் அது பொன், இது வேறு.

சட்டம் பற்றியும் ஒரு சொல். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயத்தை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவர 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதில்லை. இங்கோ 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கின்றது. ஆகவே நந்தியும் “சேது” எழுத்தும் பொறித்த யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசையோ, இராசராசனின் செப்புக் காசையோ “வயலில் நேற்றுத்தான் எடுத்தது” என்று முகநூலில் ஒருவர் விற்பாராயின், அது போலியானாலும் மெய்யானாலும் தொல்லையே.

இனி, சில உறுப்பினர்கள் வட்ஸ்அப் குழுவில் எழுப்பிய விடயத்துக்கு வருகின்றேன். சங்கத்தின் காட்சிப்பெட்டிக்கென 1821ஆம் ஆண்டின் ரிக்ஸ்டொலர் என்ற வெள்ளிக் காசு ஒன்றை, நமது பழைய உறுதிகளில் இறைசால் என வழங்குவதை, ஏலத் தளமொன்றில் நான் வாங்கியது உண்மை. படத்தில் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது. பொதியில் வந்ததோ மறுபுறத்து யானையின் கால்களுக்கிடையில் சிறு குமிழிகளும், விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த கோடும் கொண்ட ஒரு வட்டம். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தை அருகில் கொண்டுசென்றதும் துள்ளி ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. அப்படத்தை இணையத்தில் தேடியபோது, பழைய ஏலமொன்றிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதெனத் தெரிந்தது. அத்தேடலை வாங்கும் முன் செய்யாதது என் தவறு, அதை ஒப்புக்கொள்கின்றேன். முறையிட்டு விலையை மீளப் பெற்றுவிட்டேன். சுங்கத்தில் செலுத்தியதும் வங்கியின் மாற்றுவீத வித்தியாசமும் மாத்திரம் திரும்பவில்லை. “செயலாளரே ஏமாந்தார்” என எழுதியவர், அக்கொள்வனவுக்கு முன் படத்தை ஐந்து பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தேன் என்பதையும், அந்த ஐவரில் தாமும் ஒருவர் என்பதையும் எழுத மறந்துவிட்டார்.

சங்கத்தின் பதிவேட்டில் நாற்பத்து மூன்று பெயர்கள் உள்ளன. சந்தா செலுத்தியோர் பதினேழு பேர். மூன்று வருட நிலுவையுள்ள ஓர் அன்பர் இரவு பதினொரு மணிக்கு அழைத்து, “அண்ணை, அந்த லிஸ்ற்றை ஒருக்கா அனுப்பி விடுங்கோ” என்றார். அனுப்பினேன். மறுநாள் அது உறுப்பினரல்லாத பலரது தொலைபேசிகளிலும் இருந்தது. பட்டியல் பரவுவதில் எனக்கு வருத்தமில்லை. சந்தா பரவாததில்தான் உண்டு.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். வரவு சென்ற ஆண்டிலும் சற்றுக் குறைவு, செலவு சற்றுக் கூடுதல், கையிருப்பு சமாளிக்கக்கூடியது. “ஏனையவை” என்ற தலைப்பில் ஒரு மின்தராசும் ஒரு பூதக்கண்ணாடியும் மேற்சொன்ன சுங்கத் தொகையும் அடங்கும். மண்டபம் தந்துதவியவர்களுக்கும், சிற்றுண்டி வழங்கியவர்களுக்கும், தலைவருக்கும், நிர்வாக சபைக்கும் நன்றி.

அடுத்த ஆண்டில் பட்டியலை மும்மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நேற்று நல்லவராயிருந்த வணிகர் இன்றும் அப்படியே இருக்கின்றாரா என்று யாராவது சிறு கொள்வனவு செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் தேவை. இரண்டும் இல்லாவிடின், பட்டியல் நடப்புச் சந்தா செலுத்தியோருக்கு மாத்திரம் என நிர்வாக சபை தீர்மானிக்க நேரிடலாம். அது மிரட்டலன்று, நிகழ்ச்சிநிரலில் ஏழாவது விடயம். செயலாளர் பதவிக்கு வேறொருவர் முன்வருவாராயின் பட்டியலையும் தராசையும் பூதக்கண்ணாடியையும் இன்றே கையளிக்கத் தயாராக உள்ளேன். தராசின் மின்கலம் இறங்கிவிட்டது. புதியதைப் பொருளாளர் அனுமதித்ததும் வாங்கலாம். பொருளாளர் வாயிலருகே பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கின்றார்.

இங்ஙனம்,
கௌரவ செயலாளர்